கையால் நிரப்பிய தோட்டாக்களை வீட்டில் சேமித்தல்

கையால் நிரப்பிய தோட்டா என்பது துப்பாக்கி வைத்திருப்பவர் தாமே கூடு, பிரைமர், வெடிமருந்து, குண்டு ஆகிய நான்கு உறுப்புகளையும் சேர்த்து உருவாக்கும் தோட்டாவாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வேட்டையாடுவோரும் இலக்கு சுடும் போட்டியாளர்களும் நெடுங்காலமாக இதைச் செய்து வருகின்றனர். ஒருமுறை சுட்ட பித்தளைக் கூட்டை மீண்டும் பயன்படுத்துவதால் செலவு குறைகிறது. தம் துப்பாக்கிக்குப் பொருத்தமான தோட்டாவைச் செய்துகொள்ளவும் முடிகிறது. அந்நாட்டின் கூட்டரசுச் சட்டப்படி, சொந்தப் பயன்பாட்டுக்குத் தோட்டா நிரப்ப உற்பத்தி உரிமம் தேவையில்லை. விற்பதற்காகச் செய்வோர் உரிமம் பெற வேண்டும். மாநில, உள்ளூர் விதிகள் இடத்துக்கு இடம் வேறுபடும்.

கடையில் வாங்கும் தோட்டாப் பெட்டியின் மேல் தோட்டாவின் பெயர், குண்டின் எடை, தொகுதி எண் ஆகியவை அச்சிடப்பட்டிருக்கும். கையால் நிரப்பிய தோட்டாவுக்கு இத்தகைய அடையாளம் எதுவும் கிடையாது. கூட்டின் அடியிலுள்ள முத்திரை, கூட்டைச் செய்த நிறுவனத்தையும் தோட்டாவின் வகையையும் மட்டுமே காட்டும். உள்ளே எந்த மருந்து, எவ்வளவு இருக்கிறது என்பதை அது சொல்லாது. எனவே இத்தோட்டாக்களைச் சேமிப்பதில் பாதி வேலை அடையாளம் காப்பதே ஆகும்.

அடையாளத்தின் தேவை

.45-70 கவர்ன்மென்ட் என்னும் தோட்டா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இது 1873இல் அமெரிக்கப் படையின் ஸ்பிரிங்பீல்டு துப்பாக்கிக்காகக் கரிமருந்தைக் கொண்டு உருவாக்கப்பட்டது. அப்பழைய துப்பாக்கிகள் இன்றும் பலரிடம் உள்ளன. அவை குறைந்த அழுத்தத்தையே தாங்கும். மார்லின் 1895 போன்ற இக்கால நெம்புகோல் துப்பாக்கிகள் அதைவிடக் கூடுதலாகத் தாங்கும். ரூகர் நம்பர் 1 போன்ற வலிய ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிகள் இன்னும் கூடுதலாகத் தாங்கும். இதனால் தோட்டா நிரப்பும் கையேடுகள் இந்த ஒரே தோட்டாவுக்கு மூன்று தனித்தனி அட்டவணைகளைத் தருகின்றன. நிரப்பி முடித்த பின் மூன்று வகைத் தோட்டாக்களும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கலாம். மூன்றாம் வகைத் தோட்டா முதல் வகைத் துப்பாக்கிக்குள் எந்தத் தடையும் இன்றி நுழையும். சுட்டால் துப்பாக்கி வெடித்துச் சுடுபவர் கையையோ கண்ணையோ இழக்க நேரிடலாம். இவ்விபத்தைத் தடுப்பது பெட்டியின் மேலுள்ள எழுத்து ஒன்றுதான்.

பெட்டியின் மேல் எழுத வேண்டியவை

ஒவ்வொரு பெட்டியிலும் கீழ்க்காணும் விவரங்கள் இருக்க வேண்டும்:

• தோட்டாவின் முழுப் பெயர்
• குண்டின் தயாரிப்பாளர், வகை, எடை
• வெடிமருந்தின் தயாரிப்பாளர், முழுப் பெயர், நிரப்பிய அளவு
• பிரைமரின் தயாரிப்பாளரும் வகையும்
• கூட்டின் தயாரிப்பாளர், அது எத்தனையாவது முறை நிரப்பப்படுகிறது என்ற எண்
• தோட்டாவின் மொத்த நீளம்
• எந்தத் துப்பாக்கிக்காகச் செய்யப்பட்டது என்ற குறிப்பு
• நிரப்பிய நாள், தொகுதி எண்

எடைகள் பொதுவாகக் கிரெயின் என்னும் அலகில் எழுதப்படும். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். ஒரு கிரெயின் ஏறத்தாழ 0.065 கிராம்.

வெடிமருந்தின் பெயரைச் சுருக்கி எழுதுவது ஆபத்தானது. ஐஎம்ஆர் 4831, எச் 4831 என்பன இரு வேறு மருந்துகள். எண் ஒன்றாக இருந்தாலும் அவை எரியும் வேகம் ஒன்றல்ல. எச் 4831 மெதுவாக எரியக்கூடியது. பெட்டியில் ‘4831’ என்று மட்டும் எழுதியிருந்தால், அதைப் பார்த்து அடுத்த முறை நிரப்புபவர் தவறான மருந்தை எடுத்துவிடக்கூடும்.

தொகுதி எண் என்பது ஒரே நாளில், ஒரே மருந்துக் குப்பியிலிருந்து, ஒரே அளவில் நிரப்பிய தோட்டாக்களுக்கான பொது எண். இதே எண்ணைக் குறிப்பேட்டிலும் எழுதி வைக்க வேண்டும். ஒரு தோட்டாவில் அழுத்தம் மிகுந்ததற்கான அறிகுறி தெரிந்தால், அதன் உடன்பிறப்புகள் எந்தெந்தப் பெட்டிகளில் உள்ளன என்பதை உடனே கண்டுபிடித்து ஒதுக்கிவிடலாம். தொழிற்சாலைகள் பழுதுள்ள தோட்டாக்களைத் திரும்பப் பெறுவதும் இந்த முறையில்தான். ஒட்டிய தாள் உரிந்து போகக்கூடும் என்பதால், மற்றொரு சீட்டைப் பெட்டிக்குள்ளும் வைப்பது நல்லது.

அடுக்கும் முறை

அலமாரியை முதலில் தோட்டா வகைப்படியும், பின்பு துப்பாக்கிப்படியும், அதன்பின் தொகுதிப்படியும் பிரிப்பது எளிய முறை. பழைய தொகுதியை முன்வரிசையில் வைத்தால் அது முதலில் செலவாகும்.

ஒன்றை மற்றொன்றாக மயங்கக்கூடிய தோட்டாக்களை அடுத்தடுத்து வைக்கக்கூடாது. .300 பிளாக்கவுட் தோட்டா, .223 ரெமிங்டன் கூட்டைக் குறுக்கி உருவாக்கப்பட்டது. இரண்டும் ஒரே வகைத் தோட்டாப் பெட்டகத்தில் பொருந்தும். பிளாக்கவுட் குண்டின் விட்டம் 0.308 அங்குலம்; .223 குண்டின் விட்டம் 0.224 அங்குலம். பெரிய குண்டுள்ள தோட்டா தவறுதலாகச் சிறிய குழலுள்ள துப்பாக்கியில் நுழைந்து, சுடப்பட்டால் துப்பாக்கி சிதறிவிடும்.

சிதறு ரவைத் துப்பாக்கிகளிலும் இதே சிக்கல் உண்டு. 20 கேஜ் தோட்டா, 12 கேஜ் துப்பாக்கியின் குழலுக்குள் வழுக்கிச் சென்று நடுவில் சிக்கிக்கொள்ளும். அதை அறியாமல் பின்னால் 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். இதனால்தான் அமெரிக்காவில் 20 கேஜ் தோட்டாக்களுக்கு மஞ்சள் நிறம் ஒதுக்கப்பட்டுள்ளது. வீட்டில் நிரப்புவோரும் ஒவ்வொரு வகைக்கும் தனி நிறப் பெட்டி வைத்துக்கொண்டு இதே உத்தியைப் பின்பற்றலாம்.

பெட்டியும் இடமும்

ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனிக் குழியுள்ள நெகிழிப் பெட்டிகள் பரவலாகப் பயன்படுகின்றன. அவற்றை இரப்பர் விளிம்புள்ள இரும்புப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைத்தால் ஈரம் அண்டாது. பெட்டி நிரம்பினால் மிகுந்த எடை கொண்டதாகிவிடும் என்பதால் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும்.

இடம் குளிர்ச்சியாகவும் உலர்ந்தும், வெப்பம் ஏறி இறங்காததாகவும் இருக்க வேண்டும். வெயிலில் நிற்கும் கார், கூரைக்கடியிலுள்ள பரண், அடுப்பின் அருகு ஆகியவை ஏற்றவை அல்ல. வெப்பம் வெடிமருந்திலுள்ள நைட்ரோசெல்லுலோசு சிதைவதை விரைவுபடுத்தும். பதனிட்ட தோலில் உள்ள வேதிப்பொருள்கள் பித்தளையில் பச்சைக் களிம்பை உண்டாக்குவதால், தோல் வார்ப்பட்டையில் தோட்டாக்களை நெடுநாள் விட்டுவைக்கக்கூடாது.

அம்மோனியாவும் பித்தளைக்குப் பகை. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த பிரித்தானியப் படையினர் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் சேமித்தனர். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தபோது பல கூடுகள் வெடிப்பு விட்டிருந்தன. குதிரைச் சிறுநீரிலிருந்து வந்த அம்மோனியாவும், கூடு இழுத்து உருவாக்கப்பட்டபோது பித்தளைக்குள் தங்கிய இறுக்கமும் சேர்ந்தே இதற்குக் காரணம் என்பது 1921இல் விளக்கப்பட்டது. இன்றும் அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவங்களைத் தோட்டா அலமாரியில் வைக்காதிருப்பதற்கு இதுவே காரணம்.

வெடிமருந்தும் பிரைமரும்

நிரப்பிய தோட்டாவுக்குப் பொருந்தும் இறுக்கமான இரும்புப் பெட்டி, தனி வெடிமருந்துக்குப் பொருந்தாது. புகையில்லா வெடிமருந்து திறந்த வெளியில் வேகமாக எரியும். வலிய பெட்டிக்குள் அடைபட்டு எரிந்தால் அழுத்தம் பெருகி வெடிக்கும். தயாரிப்பாளர் தரும் குப்பி, தீப்பற்றினால் குறைந்த அழுத்தத்திலேயே பிளந்துகொள்ளும்படி செய்யப்பட்டது. ஆகவே மருந்தை அதே குப்பியில்தான் வைக்க வேண்டும். புளிப்பு நெடியோ செம்பழுப்பு ஆவியோ வந்தால் அம்மருந்து கெட்டுவிட்டது என்று பொருள்.

பிரைமர்களை ஒரே புட்டியில் கொட்டி வைக்கக்கூடாது. ஒன்று வெடித்தால் அனைத்தும் சேர்ந்து வெடிக்கும். அவை வந்த பெட்டிகளிலேயே, வெடிமருந்திலிருந்து விலக்கி வைக்கப்பட வேண்டும்.

அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் வெளியிடும் 495ஆம் விதித்தொகுப்பின்படி, வீட்டில் 20 பவுண்டு, அதாவது சுமார் 9 கிலோ, புகையில்லா வெடிமருந்தை அதன் குப்பிகளில் வைத்திருக்கலாம். அதற்கு மேல் 50 பவுண்டு வரை வைப்பதற்கு, குறைந்தது ஓர் அங்குலத் தடிப்புள்ள மரப் பெட்டி அல்லது மர அலமாரி வேண்டும். பிரைமர்களுக்கு வரம்பு 10,000. உள்ளூர் விதி இதைவிடக் கடுமையாக இருந்தால் அதுவே செல்லும்.

தீ விபத்தின்போது

துப்பாக்கிக்கு வெளியேயுள்ள தோட்டா தீயில் சூடேறினால் கூடு கிழிந்து வெடிக்கும். ஆனால் குண்டை நெறிப்படுத்தக் குழல் இல்லாததால் அது சுட்ட குண்டின் வேகத்தில் பாயாது. துப்பாக்கிக்குள் இருக்கும் தோட்டாவோ சுட்டது போலவே பாயும். எனவே துப்பாக்கியை எப்போதும் தோட்டா நீக்கியே வைக்க வேண்டும். தீயணைப்பு வீரர்கள் வந்ததும் வீட்டில் தோட்டாவும் வெடிமருந்தும் எங்கே உள்ளன என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

அடையாளம் இழந்த தோட்டா

சீட்டு இல்லாத தோட்டாவையும், வேறொருவர் நிரப்பித் தந்த தோட்டாவையும் சுடக்கூடாது. குண்டைக் கழற்றும் கருவியால் அவற்றைப் பிரித்துவிடலாம். உள்ளிருந்து கிடைக்கும் மருந்து என்னவென்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதை மீண்டும் பயன்படுத்தாமல் உள்ளூர் விதிப்படி அப்புறப்படுத்த வேண்டும். நிரப்பியவர் இறந்த பின் அவர் அலமாரி பிள்ளைகளிடம் வந்து சேரும்போது இச்சிக்கல் பெரும்பாலும் எழுகிறது. தெளிவான சீட்டும் குறிப்பேடும் இருந்தால் அவர்கள் ஊகிக்க வேண்டியிருக்காது.

பூட்டு

ஒழுங்காக அடுக்கிய அலமாரியும் பூட்டில்லையெனில் பாதுகாப்பானது ஆகாது. துப்பாக்கியைத் தோட்டா நீக்கிப் பூட்டி வைக்கவும், தோட்டாவை வேறோரிடத்தில் தனியே பூட்டி வைக்கவும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் பரிந்துரைக்கிறது. சிறுவர் கையில் தற்செயலாகத் துப்பாக்கி கிடைப்பதையும், மனமுடைந்த ஒருவர் ஒரு நொடி வேகத்தில் அதை நாடுவதையும் இந்த இரு பூட்டுகள் தடுக்கக்கூடும். சாவிகளும் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும்.

இந்தியாவில் சட்ட நிலை

மேற்கூறியவை அமெரிக்க நடைமுறைகள். இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம், பிரிவு 5, உரிமமின்றித் தோட்டா உற்பத்தி செய்வதைத் தடை செய்கிறது. துப்பாக்கி வைத்திருப்பதற்கான உரிமம் தோட்டா நிரப்புவதற்கான உரிமம் ஆகாது.