போர்முனையிலிருந்து வரும் செய்தி

இரவு எட்டரை மணி. சுவா சூ காங்கில் உள்ள ஓர் அடுக்குமாடி வீட்டில் குடும்பத்தினர் உணவருந்த அமர்ந்திருக்கின்றனர். அப்போது தொலைக்காட்சியில், ஆப்கானிஸ்தானில் குண்டு வெடித்ததாகச் செய்தி வருகிறது. பக்கத்து வீட்டாருக்கு அது உலகச் செய்திகளுள் ஒன்று. ஆனால், இந்த வீட்டின் மூத்த மகன் சிங்கப்பூர் ஆயுதப் படையின் குழுவோடு அந்நாட்டிற்குச் சென்றிருந்தால், அம்மாவால் அடுத்த கவளத்தை உண்ண முடியுமா?

இக்காட்சி கற்பனைதான். ஆயினும், இத்தகைய கவலைக்குக் காரணம் இருந்தது. 2007ஆம் ஆண்டு மே மாதம் முதல் 2013ஆம் ஆண்டு ஜூன் மாதம் வரை சிங்கப்பூர் ஆயுதப் படையைச் சேர்ந்த 492 பேர் ஆப்கானிஸ்தானில் பணியாற்றினர். பாமியான் மாநிலத்தில் நம் பல் மருத்துவர்கள் சிகிச்சை அளித்தனர். உருஸ்கான் மாநிலத்தின் தாரின் கோட் நகரில் மருத்துவக் குழுவினர் பணிபுரிந்தனர். அங்கேயே வேறொரு குழு, முகாமை நோக்கி வரும் ராக்கெட்டுகளை ரேடார் கருவிமூலம் கண்டறிந்து எச்சரித்தது.

இத்தகைய குழுவைப் பற்றிய செய்தியைப் பின்தொடர்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'எங்கே?' என்பதாகும். 'ஆப்கானிஸ்தானில்' என்ற ஒரு சொல் மிகப் பெரிய நிலப்பரப்பைக் குறிக்கிறது. பாமியானுக்கும் தாரின் கோட்டுக்கும் இடையே ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தூரம் உள்ளது. இது சிங்கப்பூரின் கிழக்கு மேற்கு நீளத்தைப் போல ஆறு மடங்கு. பாமியான் ஓரளவு அமைதியான பகுதி. உருஸ்கானிலோ ஆபத்து அதிகம். வரைபடத்தைப் பார்த்தால், வீண் அச்சத்தில் ஒரு பகுதியாவது குறையும்.

இரண்டாவது கேள்வி, 'எப்போது?' என்பது. ஆப்கானிஸ்தானின் நேரம் சிங்கப்பூர் நேரத்தைவிட மூன்றரை மணி நேரம் பின்தங்கியது. மேலும், தாக்குதல் நடந்தவுடன் வரும் முதல் தகவல் பெரும்பாலும் முழுமையற்றதாக இருக்கும். சில மணி நேரத்தில் எண்ணிக்கையும் இடமும்கூட மாறக்கூடும். எனவே, செய்தி வெளியான நேரத்தைக் கவனிப்பது அவசியம்.

மூன்றாவது கேள்வி, 'எது சொல்லப்படவில்லை?' என்பது. படையினர் எந்த வழியாக, எப்போது செல்வர் என்பதை ஊடகங்கள் முன்கூட்டியே வெளியிடுவதில்லை. எதிரிகளும் செய்தி படிப்பவர்கள்தாமே! அக்காலத்தில் பல நாட்டுப் படைகள் அங்கு ஒரே பன்னாட்டு அமைப்பின்கீழ் இயங்கின. வீரர் ஒருவர் இறந்தால், அந்த அமைப்பு இறப்பை மட்டும் அறிவிக்கும். அவர் யார், எந்த நாட்டவர் என்பதை அவருடைய நாடே பின்னர் அறிவிக்கும். பெற்ற மகனின் இறப்பைத் தாய் தொலைக்காட்சி வழியாக அறிய நேரக்கூடாது அல்லவா? ஆனால், விவரம் வெளிவரும்வரை மற்றக் குடும்பங்கள் தவிப்போடு காத்திருக்க வேண்டியிருந்தது.

அப்படியானால், போர்ச் செய்தியில் எதையும் மறைக்கலாமா? கூடாது. 1854ஆம் ஆண்டு கிரைமியப் போரின்போது, காயமடைந்த வீரர்கள் போதிய கவனிப்பின்றித் துன்புறுவதை லண்டன் 'டைம்ஸ்' நாளேடு வெளியிட்டது. மக்கள் கொதித்தெழுந்தனர். அதன்பின் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 38 தாதியருடன் அங்கு அனுப்பப்பட்டார். அச்செய்தி வெளிவராமல் இருந்திருந்தால், அவர்களுடைய துன்பம் யாருக்குத் தெரிந்திருக்கும்?

உயிரைக் காப்பதற்காகச் சில விவரங்களைத் தாமதிப்பது வேறு; தவற்றை மூடுவதற்காக மறைப்பது வேறு. இவ்வேறுபாட்டை உணர்ந்து படிப்பவரே நல்ல வாசகர். அவர் தாமும் கவனமாக நடந்துகொள்வார். உறுதியாகாத பெயரையோ படத்தையோ கைப்பேசியில் பகிரமாட்டார்.

ஆப்கானிஸ்தான் பணியில் சிங்கப்பூர் வீரர் எவரும் உயிரிழக்கவில்லை. ஆனால், அந்த ஆறு ஆண்டுகளில் வந்த ஒவ்வொரு செய்தியையும் கேட்டபோது, அது அவர்களுடைய வீட்டாருக்குத் தெரியாது. இன்றும் நம் படையினர் வெளிநாடுகளுக்குப் பணியாற்றச் செல்கின்றனர். அடுத்த முறை போர்முனைச் செய்தி ஒன்றைப் பகிர நினைக்கும்போது, அதை யாருடைய அம்மா படிக்கக்கூடும் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.