இணையக் கடையின் கூடை: மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முறை

இந்தியாவில் இணையத்தின் வழியே சரக்குகளை விற்கும் தொழில் வேரூன்றிய நகரங்களுள் பெங்களூர் முக்கியமானது. 1999ஆம் ஆண்டில் ஃபாப்மார்ட் என்னும் இணையக் கடை இந்நகரில் தொடங்கப்பெற்றது. 2007இல் சச்சின் பன்சல், பின்னி பன்சல் ஆகிய இருவரும் புத்தக விற்பனையைக் கொண்டு ஃப்ளிப்கார்ட்டைத் தொடங்கினர். ஃபாப்மார்ட்டை நிறுவியவர்களுள் சிலர் 2011இல் மளிகைப் பொருள்களுக்கென பிக்பாஸ்கெட்டை இங்கேயே அமைத்தனர். இத்தகைய பெரிய ஸ்தாபனங்கள் தமக்கு வேண்டிய மென்பொருளைத் தம் பொறியாளர்களைக் கொண்டே எழுதிக்கொள்ள வல்லவை. சிறு உற்பத்தியாளருக்கு அவ்வசதி இல்லை. அவர் பிறர் எழுதிய மென்பொருள்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். அவ்வேளையில் அவர் யோசனை கேட்பது பெரும்பாலும் தம் ஊர்க் களப்பணியாளரையோ பள்ளி ஆசிரியரையோதான்.

பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் வழியில் சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் சென்னபட்டணம் இருக்கிறது. வெட்பாலை மரத்தைக் கடைந்து, அரக்குச் சாயம் ஏற்றிச் செய்யப்படும் அவ்வூர்ப் பொம்மைகள் புவிசார் குறியீடு பெற்றவை. அத்தகைய பொம்மைகளைச் செய்யும் மகளிர் குழு ஒன்று, நவராத்திரிக் கொலுவுக்கு முன் இணையத்தில் கடை திறக்க விரும்புவதாக வைத்துக்கொள்ளலாம். அக்குழுவினர் முதலில் பார்ப்பது பக்கத்தின் அழகையும் மாதக் கட்டணத்தையும் ஆகும். இவை வேண்டியவையே. ஆயினும் கூடை என்பது உண்மையில் ஒரு கணக்குப் புத்தகம். எண்ணிக்கையைத் தவறாமல் வைக்கிறதா, வேண்டியபோது அக்கணக்கை உரியவரிடம் முழுமையாக ஒப்படைக்கிறதா என்னும் இரு கேள்விகளைக் கொண்டே அதை மதிப்பிடுதல் வேண்டும்.

கூடை இயங்கும் விதம்

சாதாரணக் கடையில் வாடிக்கையாளர் கையில் உள்ள கூடையைக் கடைக்காரர் கண்ணால் காண்கிறார். இணையக் கடையிலோ வாங்குபவரின் கைப்பேசிக்கும் கடையின் கணிப்பொறிக்கும் இடையே செய்திகள் மட்டுமே போய்வருகின்றன. இச்செய்திகளை ஏற்றிச் செல்லும் ஹெச்.டி.டி.பி. என்னும் விதிமுறைக்கு நினைவாற்றல் கிடையாது. ஒரு பக்கத்தை அனுப்பியதும், அதைக் கேட்டவர் யார் என்பது கடையின் கணிப்பொறிக்கு மறந்துவிடுகிறது. மறுபடியும் அவர் வந்தால் புதிதாக வந்தவராகவே கருதப்படுவார்.

இக்குறையை நீக்க 1994ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் பொறியாளர் லூ மான்டுல்லி ஒரு வழி கண்டார். இணையக் கடைக்குரிய கூடையை அமைக்கும் முயற்சியே அதற்குத் தூண்டுகோலாக இருந்தது. அவர் கண்ட சாதனத்துக்கு ‘குக்கி’ என்று பெயர். சைக்கிள் நிலையத்தில் வண்டியை விடுபவருக்கு எண் பொறித்த வில்லை ஒன்று தரப்படுகிறது. திரும்பி வந்து வில்லையைக் காட்டினால் அவருடைய வண்டி கிடைக்கிறது. அவ்வாறே கடையின் கணிப்பொறி வாங்குபவருடைய கைப்பேசியில் ஓர் எண்ணைப் பதிந்து வைக்கிறது. ஒவ்வொரு செய்தியுடனும் அவ்வெண் திரும்பி வருவதால், இன்ன கூடை இன்னாருடையது என்று கடை அறிந்துகொள்கிறது.

இந்த உவமையிலிருந்து ஓர் உண்மை விளங்கும். வில்லை வாடிக்கையாளரிடம் இருக்கலாம். வண்டி நிலையத்திலேயே இருக்க வேண்டும். பழைய கூடை மென்பொருள்கள் சிலவற்றில் பொருளின் விலையே வாங்குபவர் பக்கத்தில் மறைவாக எழுதி வைக்கப்பட்டிருந்தது. சூதறிந்தோர் அதைத் திருத்தி, ஆயிரம் ரூபாய்ப் பொருளைப் பத்து ரூபாய்க்குக் கேட்க வழியிருந்தது. நல்ல மென்பொருள், வாங்குபவரிடமிருந்து பொருளின் எண்ணையும் எண்ணிக்கையையும் மட்டுமே ஏற்றுக்கொண்டு, விலையைத் தன் ஏட்டிலிருந்தே எடுக்கும்.

கடைசிப் பொம்மை யாருக்கு?

கையால் செய்யப்படும் பொருள்களில் ஒவ்வொரு வகையிலும் இருப்பு குறைவு. ஒரே ஒரு மர யானை மிஞ்சியிருக்கையில், கோயம்புத்தூரிலிருந்து ஒருவரும் ஹூப்ளியிலிருந்து ஒருவரும் ஒரே நிமிஷத்தில் அதைக் கூடையில் இடுகின்றனர் என்று கொள்க. இருவரிடமும் பணம் பெற்றுவிட்டால் ஒருவருக்குத் திருப்பித் தர வேண்டியிருக்கும். பண்டிகைக்கு முன்தினம் இது நேர்ந்தால் கடையின் நற்பெயரும் போய்விடும்.

இருப்பிலிருந்து பொருளை எப்போது கழிப்பது என்பதில் மூன்று முறைகள் உண்டு. கூடையில் இட்டதுமே கழித்தால், வாங்காமல் போகிறவர்களுக்காகப் பொருள் முடங்கிக் கிடக்கும். பணம் வந்தபின் கழித்தால், ஒரு பொருளை இருவருக்கு விற்க நேரிடும். பணம் செலுத்தத் தொடங்கும்போது பொருளைக் குறித்த சில நிமிஷங்களுக்கு ஒதுக்கி வைத்து, அதற்குள் பணம் வாராவிடில் விடுவிப்பது மூன்றாவது முறை. சிறு இருப்புள்ள கடைக்கு இதுவே ஏற்றது. இருப்பைப் பார்ப்பதும் கழிப்பதும் இடைவெளியின்றி ஒரே செயலாக நடைபெறுவதும் அவசியம்.

கூட்டம் மிகும் நாளில் இக்கணக்கு எளிதில் தடுமாறும். 2014 அக்டோபர் 6ஆம் நாள் ஃப்ளிப்கார்ட் நடத்திய பெரும் தள்ளுபடி விற்பனையில் தளம் தடைப்பட்டது. கேட்ட பொருள்கள் பல கிடைக்கவில்லை. சில ஆணைகள் ரத்தாயின. மறுநாள் அதன் நிறுவனர்கள் வாடிக்கையாளர்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினர். தேர்ந்த பொறியாளர்கள் நிறைந்த ஸ்தாபனத்துக்கே இது நேர்ந்ததெனில், சிறு கடைகள் பண்டிகைக்கு முன்பே தம் மென்பொருளைச் சோதித்துக்கொள்ள வேண்டியதன் அவசியம் விளங்கும்.

பணம் கைமாறும் இடம்

வாங்குபவரின் அட்டை எண்ணைக் கடை தன்னிடம் வைத்துக்கொள்ளலாகாது. இந்திய ரிசர்வ் வங்கியின் ஆணைப்படி 2022 அக்டோபர் 1 முதல், அட்டை வழங்கிய வங்கியும் அட்டை வலையமைப்பும் தவிர ஏனையோர் அட்டை விவரங்களைச் சேமித்து வைக்க அனுமதி இல்லை. அவற்றுக்குப் பதிலாக ‘டோக்கன்’ எனப்படும் மாற்று எண் வழங்கப்படுகிறது. ஆகவே, பணம் செலுத்தும் கட்டத்தில் வாங்குபவரை அனுமதி பெற்ற பணப்பட்டுவாடா நிறுவனத்தின் பக்கத்துக்கு அனுப்பிவிடும் மென்பொருளே தக்கது. 2016இல் வந்த யு.பி.ஐ. முறையையும் அது ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இங்கு அடிக்கடி ஏற்படும் சிக்கல் ஒன்றுண்டு. வாங்குபவர் கணக்கில் பணம் கழிந்துவிடுகிறது. அந்தக் கணத்தில் கைப்பேசியின் தொடர்பு அறுந்துபோகிறது. பணம் வந்த செய்தியை வாங்குபவரின் கைப்பேசி வழியாக மட்டும் பெறும் மென்பொருள் இவ்விற்பனையைப் பதியாது. நல்ல மென்பொருள் பட்டுவாடா நிறுவனத்திடமிருந்து நேராகவும் செய்தி பெறும். அச்செய்தி இருமுறை வந்தாலும் ஒரே விற்பனையாகவே பதியும்.

2010இல் ஃப்ளிப்கார்ட் கையாளத் தொடங்கிய ‘பொருள் கைக்கு வந்தபின் பணம்’ என்னும் முறையும் பரவலாக வழங்குகிறது. இம்முறையை ஏற்கும் கடை, அனுப்பிய பொருளையும் வந்த பணத்தையும் தனித்தனியே பதிவு செய்தல் வேண்டும். திரும்பி வந்த பொருளை இருப்பில் மீண்டும் சேர்க்கவும் மென்பொருளில் இடமிருக்க வேண்டும்.

சட்டத்தையும் மறத்தலாகாது. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, முன்கூட்டியே குறியிட்ட கட்டங்களின் மூலம் வாங்குபவரின் சம்மதத்தைப் பெறுதல் கூடாது. கேட்காத பொருளையோ கட்டணத்தையோ கூடையில் தானாகச் சேர்க்கும் மென்பொருளை விலக்குதல் நன்று.

மூவகை மென்பொருள்கள்

முதல் வகை வாடகைக்குக் கிடைப்பது. கனடாவின் ஒட்டாவா நகரில் 2006இல் தொடங்கிய ஷாப்பிஃபை இதற்கு உதாரணம். பாதுகாப்பையும் பராமரிப்பையும் வாடகைக்கு விடுவோரே கவனித்துக்கொள்வர். தொழில்நுட்ப அறிவு குறைந்த குழுவுக்கு இது எளிது. ஆனால் விற்பனை இல்லாத மாதத்திலும் வாடகை தந்தாக வேண்டும். மாத விற்பனை 10,000 ரூபாய் உள்ள கடை 2,000 ரூபாய் வாடகை தருவதானால், வரவில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போய்விடும்.

இரண்டாவது வகை, மூலநிரல் வெளிப்படையாக உள்ள மென்பொருள். 2011இல் வெளிவந்த வூகாமர்ஸ், ஓபன்கார்ட் முதலியன இவ்வகையைச் சேர்ந்தவை. மென்பொருளுக்கு விலை இல்லை எனினும், அதை நிறுவும் கணிப்பொறி இடத்துக்கும், அவ்வப்போது புதுப்பிக்கும் ஆளுக்கும் செலவு உண்டு. அந்த ஆள் கிடைக்காத ஊரில் இவ்வகை ஆபத்தானது.

மூன்றாவது வகையில் விற்பவரிடம் கூடையே இல்லை. மத்திய அரசின் முயற்சியால் 2021 டிசம்பரில் அமைக்கப்பெற்ற ஓ.என்.டி.சி. என்னும் திறந்த வணிக வலையமைப்பு இத்தகையது. 2022 ஏப்ரலில் பெங்களூர், கோயம்புத்தூர் உள்ளிட்ட ஐந்து நகரங்களில் இது முன்னோட்டமாகத் தொடங்கியது. அவ்வாண்டு செப்டம்பர் இறுதியில் பெங்களூரில் பொதுமக்களின் உபயோகத்துக்கு வந்தது. இதில் கூடை வாங்குபவரின் செயலியில் இருக்கிறது. விற்பவரின் மென்பொருள் ‘தேடு’, ‘தேர்ந்தெடு’, ‘விவரம் பதி’, ‘உறுதி செய்’ என வரிசையாக வரும் செய்திகளுக்கு விடையளிக்கிறது. ஆதலால் இங்கும் இருப்புக் கணக்குச் சரியாக இருந்தாலன்றி விடையும் சரியாக இராது.

கணக்குப் புத்தகம் யார் கையில்?

மென்பொருளும் மூப்படையும், சேவைகளும் மூடப்படும். மெஜன்டோ கோ என்னும் வாடகைச் சேவை 2015 பிப்ரவரியில் மூடப்பட்டது. அதை நம்பியிருந்த கடைகள் குறித்த நாளுக்குள் வேறிடம் பெயர வேண்டியதாயிற்று. சொந்தமாக நிறுவிக்கொள்ளும் மெஜன்டோ மென்பொருளின் முதற்பதிப்புக்கு 2020 ஜூன் மாதத்தோடு பராமரிப்பு நின்றது. அவ்வாண்டு செப்டம்பரில், பெரும்பாலும் அப்பழைய பதிப்பில் இயங்கிய ஏறத்தாழ 2,000 கடைகளில் அட்டை விவரங்களைத் திருடும் நிரல் புகுத்தப்பட்டது. வாடகை, சொந்தம் என்னும் இரு வழிகளிலும் ஆபத்து உண்டு என்பதற்கு இவை சான்றாகும்.

இதற்குப் பரிகாரம், வெளியேறும் வழியை முதலிலேயே அறிந்துகொள்வதாகும். பொருள்களின் பட்டியல், வாடிக்கையாளர் முகவரிகள், பழைய விற்பனைகள், வரிக் கணக்கு ஆகியவற்றைச் சாதாரண அட்டவணைக் கோப்பாக எடுக்க முடிகிறதா என்று பார்த்தல் வேண்டும். இணைய முகவரி மென்பொருள் விற்பவர் பெயரில் இல்லாமல் குழுவின் பெயரிலேயே பதிவாகியிருத்தலும் அவசியம். பல ஆண்டுகளாகச் சேர்ந்த வாடிக்கையாளர் பட்டியலே அக்குழுவின் மெய்யான முதல். தறியும் கடைசல் இயந்திரமும் பழுதானால் வேறு வாங்கலாம். அப்பட்டியல் போனால் மீண்டும் சேர்க்கப் பல ஆண்டுகள் ஆகும்.

தேர்வுக்கு முன் செய்யத்தக்க சோதனை

பெரும்பாலான மென்பொருள்களைச் சில நாட்களுக்குக் கட்டணமின்றிப் பரீட்சித்துப் பார்க்க இயலும். அக்காலத்தில் களப்பணியாளர் குழுவினரை உடன் வைத்துக்கொண்டு பின்வருவனவற்றைச் செய்யலாம்.

1. இருப்பு ஒன்றே உள்ள பொருளை இரு கைப்பேசிகளிலிருந்து ஒரே சமயத்தில் வாங்க முயலுதல். ஒருவருக்கு மட்டுமே விற்பனை முடிய வேண்டும்.

2. சிறு தொகையைச் செலுத்தி, செலுத்தியவுடன் கைப்பேசியின் தொடர்பைத் துண்டித்தல். சற்று நேரத்தில் விற்பனை ஒருமுறை மட்டும் பதிவாகியிருக்க வேண்டும்.

3. கூடையில் பொருளை இட்டுவிட்டு மறுநாள் திரும்பி வருதல். இடையில் விலையை மாற்றியிருந்தால் புதிய விலை தெளிவாகக் காட்டப்பட வேண்டும்.

4. தமிழிலும் கன்னடத்திலும் முகவரி எழுதி, அனுப்புச் சீட்டில் எழுத்துகள் சிதையாமல் அச்சாகின்றனவா என்று பார்த்தல்.

5. கர்நாடகத்துக்குள் ஒரு விற்பனையும் தமிழ்நாட்டுக்கு ஒரு விற்பனையும் செய்து பார்த்தல். வரி செலுத்தும் கடையாயின், முன்னதில் மத்திய வரியும் மாநில வரியும், பின்னதில் ஒருங்கிணைந்த வரியும் காட்டப்பட வேண்டும்.

6. எல்லாக் கணக்குகளையும் கோப்பாக எடுத்து, வேறொரு கணிப்பொறியில் திறந்து பார்த்தல்.

இவற்றுள் முதலாவதிலோ ஆறாவதிலோ தவறும் மென்பொருளை, அதன் பக்கம் எவ்வளவு அழகாயினும், கட்டணம் எவ்வளவு குறைவாயினும், தள்ளிவிடுதல் நலம்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலும் செய்து காட்டலாம். ஒரு மாணவர் மறதியுள்ள கடைக்காரராக அமரட்டும். மற்றவர்கள் எண் சீட்டுகளுடன் வந்து பொருள் கேட்கட்டும். கடைக்காரர் சீட்டைப் பார்த்து ஏட்டைப் புரட்டியே விடை கூற வேண்டும். கடைசிப் பென்சிலை இருவர் கேட்கும்போது என்ன விதி வகுப்பது என்பதை மாணவர்களே விவாதித்து முடிவு செய்யட்டும். அவ்வாறு கற்ற மாணவர், நாளை தம் வீட்டார் இணையத்தில் கடை திறக்கையில், பக்கத்தின் வர்ணத்தைக் கேட்குமுன் கணக்கு எங்கே இருக்கிறது என்று கேட்பார்.