இகுவானா ஓட்டமும் லெம்மிங் பொய்யும்

போன வாரம் முழுக்க ராத்திரி டிவியில டாக்குமென்டரிதாங்க. 'பிளானெட் எர்த் 2' மறுபடி பார்த்தேன். கலாபகோஸ் தீவுல குட்டி இகுவானாவைப் பாம்புக் கூட்டம் துரத்துமே, அந்தக் காட்சி. ஓடுறது ஒரே குட்டி இல்லை. வேற குட்டியோட ஷாட்டையும் வெட்டிச் சேர்த்ததுன்னு தயாரிப்பாளரே பிறகு சொன்னாங்க. எனக்கு இது ஓகேதான். பாம்பும் துரத்தலும் நிஜம்.

1958-ல வந்த டிஸ்னியோட 'ஒயிட் வில்டர்னெஸ்' அப்படி இல்லை. லெம்மிங்னு எலி மாதிரி ஒரு பிராணி, கூட்டமா தற்கொலை பண்ணிக்கும்னு காட்டணும். கனடாவுல விலைக்கு வாங்கி, மேட்டுல இருந்து தண்ணிக்குள்ள படக்குழுவே தள்ளிவிட்டாங்க. அதுக்கு ஆஸ்கர் வேற! எண்ணிக்கை பெருகினா லெம்மிங் இடம் பெயரும், வழியில சிலது மூழ்கும், அவ்வளவுதான். லாக் ஃபைலைச் சுருக்குறது வேற, நடக்காததை அதுல எழுதுறது வேற. காலேஜ் முடிக்கிற வரைக்கும் நானும் அந்தத் தற்கொலைக் கதையை நம்பினவன்தான்.