தேடுபவர் கண்ணில் நம் ஊரும் பட வேண்டும்

மன்னாரிலிருந்து பூநகரி நோக்கிச் செல்லும் ஏ-32 வீதியில், மாந்தை மேற்குப் பிரதேச செயலாளர் பிரிவில் அமைந்துள்ள கடலோரக் கிராமம் இலுப்பைக்கடவை. 2008ஆம் ஆண்டு யூலை மாதத்தில் யுத்தம் இக்கிராமத்தை வந்தடைந்தது. வலையையும் வள்ளத்தையும் வீட்டையும் விட்டுப் புறப்பட்ட மக்கள் இடம் இடமாக அலைந்து, முகாம் வாழ்வையும் கண்டு, பின்னர் வெறுங்கையுடன் ஊர் திரும்பினர். கணவனை இழந்த, காணாமல் போனவரைத் தேடிக்கொண்டிருக்கின்ற பெண்கள் பலர் தம் கையையே நம்பி மீண்டும் எழுந்தனர். கருவாடு போடுவதும், நண்டுச்சதை எடுப்பதும், புழுக்கொடியல் காயவைப்பதும், பனையோலைப் பெட்டி இழைப்பதும் இக்கரையோரப் பெண்களுக்குச் சோறு போடும் தொழில்கள்.

உழைப்புக்குக் குறைவில்லை. ஆனால் விலையை நிர்ணயிப்பவர் யார்? படலைக்கு வரும் வியாபாரி சொல்வதே விலை. ஏன் அப்படி? அவரைத் தவிர வேறு ஒருவருக்கும் இந்தப் படலை தெரியாது. கொழும்பில் இருக்கும் ஒரு குடும்பம் நல்ல கருவாடு வேண்டும் என்று கைத்தொலைபேசியில் தேடுகிறது. தேடும் இடத்தில் நம் பெயர் இல்லை. வேறு யாருடைய பெயரோ வருகிறது. இந்த இடைவெளியைக் குறைப்பதற்குக் காசு செலவில்லாத ஒரு வழி, நாமே எடுக்கும் சிறு காணொளி.

பெரிய பெயர் தேவையில்லை

காணொளி என்றவுடன் சிலர் பின்வாங்குவர். "எனக்குப் பேசத் தெரியாது, வயது போய்விட்டது" என்பர். ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்த மஸ்தானம்மா என்ற மூதாட்டி நூறு வயதைக் கடந்த பின்னரே யூடியூப்பில் தோன்றினார். 2018 டிசம்பரில் காலமாகும்வரை வெட்டவெளியில் விறகடுப்பில் சமைத்துக் காட்டினார். தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பாட்டனாரும் பேரப்பிள்ளைகளும் 2018இல் தொடங்கிய 'வில்லேஜ் குக்கிங் சேனல்' 2021இல் ஒரு கோடி சந்தாதாரரைத் தாண்டியது. இவர்கள் தங்கள் ஊர் வேலையையே காட்டினார்கள்.

எனினும், நமக்கு ஒரு கோடிப் பேர் தேவையில்லை. மாதம் தவறாமல் வாங்கும் பத்துக் குடும்பங்கள் போதும். யூடியூப் தரும் விளம்பரப் பணத்தை நம்பியும் இறங்க வேண்டாம். அதற்கு ஆயிரம் சந்தாதாரரும், பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணிநேரப் பார்வையும் போன்ற நிபந்தனைகள் உண்டு. நமது வருமானம் கருவாட்டில் இருக்கிறது. வாங்குபவருக்கு வழி காட்டுவதே காணொளியின் வேலை.

தேடும் இயந்திரம் எதைப் பார்க்கிறது?

கூகுளுக்குக் கருவாட்டின் ருசி தெரியாது. அது முக்கியமாக எழுத்தை வாசிக்கிறது. காணொளியின் தலைப்பில் "எங்கள் சின்ன முயற்சி" என்று எழுதினால் அதை யாரும் தேடப்போவதில்லை. "இலுப்பைக்கடவை கருவாடு: மன்னார் கடற்கரையில் செய்யும் முறை" என்று எழுதினால், பொருளின் பெயர், ஊரின் பெயர், மாவட்டத்தின் பெயர் மூன்றும் அதில் உண்டு. யூடியூப் கூகுள் நிறுவனத்துக்குச் சொந்தமானது. ஆகவே யூடியூப்பில் மட்டுமன்றி, கூகுளில் தேடுபவருக்கும் இக்காணொளி தென்படக் கூடும்.

நம் ஊரின் பெயரை ஆங்கிலத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுவார்கள். எனவே விளக்கக் குறிப்பில் தமிழிலும், ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று விதமாகவும், தெரிந்தவரைக் கொண்டு சிங்களத்திலும் ஊரையும் பொருளையும் எழுதிவிடுங்கள். முதல் இரண்டு வரியிலேயே என்ன பொருள், எங்கே, எப்படி வாங்குவது என்பவை வந்துவிட வேண்டும்.

எதைப் படம்பிடிப்பது?

இரண்டு நிமிடம் போதுமானது. மீனைக் கழுவுவது, வெட்டிச் சுத்தம் செய்வது, உப்பிடுவது, மணலில் போடாமல் பரணில் வலை மூடிக் காயவைப்பது, தராசில் நிறுப்பது, பொதி செய்வது என வேலையின் ஒழுங்கிலேயே காட்டுங்கள். வாங்குபவரின் மனதில் உள்ள முதற்கேள்வி "சுத்தமாகச் செய்கிறார்களா?" என்பதே. அதற்குக் காட்சியே பதில் சொல்லும். காற்று இரைச்சல் குறைந்த காலை வேளையில், தொலைபேசியைக் கிடையாகப் பிடித்து எடுப்பது நல்லது. கிலோ விலையைக் காணொளியில் சொல்ல வேண்டாம். விலை மாறும், காணொளி அப்படியே இருக்கும். விலையை விளக்கக் குறிப்பில் எழுதினால் வேண்டியபோது மாற்றிக்கொள்ளலாம்.

படலைக்கு வந்து வாங்குவோர் இருப்பின், அல்லது நீங்களே கொண்டுபோய்க் கொடுப்பீர்களாயின், 'கூகுள் பிஸ்னஸ் புரொபைல்' எனும் இலவசப் பக்கத்தையும் திறக்கலாம். வரைபடத்தில் உங்கள் தொழிலின் பெயர் தோன்றும். அதில் முப்பது விநாடிக்கு மேற்படாத காணொளியும் சேர்க்கலாம். உள்ளூர்த் தேடலில் பொருத்தம், தூரம், பிரபலம் ஆகிய மூன்றையும் பார்ப்பதாகக் கூகுள் கூறுகின்றது. தூரத்தை நம்மால் மாற்ற முடியாது. சரியான விபரமும், வாங்கியவர்கள் உண்மையாக எழுதும் கருத்துகளும் மற்ற இரண்டுக்கும் உதவும். வாங்கியவர் எல்லோரிடமும், "உங்கள் கருத்தை அங்கே இரண்டு வரி எழுதிவிடுங்கோ" என்று கேட்பதில் தவறில்லை. பொய்க் கருத்துகளை எழுதுவிப்பது கூகுளின் விதிக்கு மாறானது.

கடன்பட்டு விளம்பரம் வேண்டாம்

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியமாகின்றது. வாரக்கடனின் சுமை என்னவென்று வடபகுதிப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "இவ்வளவு பணம் தாருங்கள், கூகுளில் முதலிடத்தில் கொண்டுவந்து விடுகிறேன்" என்று யாராவது வந்தால் நம்ப வேண்டாம். உள்ளூர்த் தேடலின் வரிசையைப் பணம் கொடுத்து உயர்த்த வழியில்லை என்று கூகுளே சொல்கின்றது. இதற்காக நகை அடகு வைப்பதோ, இன்னுமொரு கடன் எடுப்பதோ வேண்டவே வேண்டாம். பலன் வர மாதங்கள் செல்லலாம். அதுவரை படலைக்கு வரும் வியாபாரியையும் பகைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

நமது பாதுகாப்பு நமது கையில்

தனித்து வாழும் பெண்கள் வெளிப்பட அஞ்சுவது நியாயமானது. முகம் காட்டாமலே தொழிலைக் காட்டலாம். கையும் குரலும் போதும். பிள்ளைகளையும் வீட்டின் உட்புறத்தையும் படத்தில் சேர்க்காதீர்கள். தொழிலுக்கென்று தனியான தொலைபேசி இலக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பொருளைக் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் கூகுள் பக்கத்தில் வீட்டு முகவரியை மறைத்து, விநியோகிக்கும் பிரதேசத்தை மட்டும் காட்ட முடியும். தகாத கருத்துகள் வந்தால் யூடியூப்பில் கருத்துப் பகுதியையே மூடிவிடலாம்.

இன்னொன்று மிக முக்கியம். கணக்கைத் திறந்து தருபவர் மகனாகவோ, மருமகளாகவோ, அயல் வீட்டுத் தம்பியாகவோ இருக்கலாம். கணக்கு உங்கள் பெயரிலும், கடவுச்சொல் உங்கள் கையிலும் இருக்கட்டும். தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தை ஒருவருக்கும் சொல்ல வேண்டாம். நாளை அவர் ஊரை விட்டுப் போனாலும் நீங்கள் தேடி வளர்த்த வாடிக்கையாளர் உங்களுடனேயே இருப்பர்.

ஒன்றாகத் தொடங்குவோம்

எல்லோரிடமும் நல்ல தொலைபேசி இராது. நான்கைந்து பேர் சேர்ந்து, அல்லது மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் ஊடாக, ஊரின் பெயரிலேயே ஒரு யூடியூப் பக்கத்தைத் தொடங்கலாம். ஒருவர் கருவாடு, ஒருவர் பனையோலைப் பெட்டி, ஒருவர் புழுக்கொடியல் என மாதம் ஒரு காணொளி போதும். கேட்டு வரும் முதல் பொதி நிறை குறையாமல், சொன்ன நாளில் போய்ச் சேர வேண்டும். காணொளி ஒருவரை ஒருமுறைதான் அழைத்து வரும். மறுமுறை அழைத்து வருவது நமது நாணயம்.

யுத்த காலத்தில் இலுப்பைக்கடவையின் பெயரைச் செய்திகளில் கேட்டவர்கள் பலர். இனிமேல் அந்தப் பெயரைத் தேடுபவர் முன், பரணில் காயும் கருவாடும் அதைத் திருப்பிப் போடும் ஒரு பெண்ணின் கைகளும் வந்து நிற்கட்டும், சகோதரிகளே.