அடுக்குமாடி வீட்டில் ஐந்து படிக் கொலு

புரட்டாசி பிறந்தால் தில்லித் தமிழர் வீடுகளில் இரண்டு கேள்விகள் எழும். பரணிலிருந்து பொம்மைப் பெட்டியை இறக்குவது யார்? படியை எங்கே வைப்பது? முதல் கேள்விக்கு எப்படியோ பதில் கிடைத்துவிடும். இரண்டாவதுதான் சிக்கல். 10 அடிக்கு 12 அடிக் கூடம். அதிலேயே சோபா, தொலைக்காட்சி, சாப்பாட்டு மேசை எல்லாம். "இந்த வருஷம் நாலு பொம்மையை ஷோகேஸில் வைத்தால் போதும்" என்று ஆரம்பித்து, பிறகு பொம்மைகளையே யாருக்கோ கொடுத்துவிட்ட குடும்பங்கள் எனக்குத் தெரிந்தே மூன்று உண்டு.

எங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு வந்தது. மாமியார் கொடுத்த 47 பொம்மைகள், இரண்டு மரப்பெட்டிகளில் ரயிலேறி வந்தவை. ஊரில் அவர் படி கட்டிய விதம் எனக்கு நினைவிருக்கிறது. அடியில் டிரங்குப் பெட்டிகள், அதன்மேல் அரிசி டின், தையல் மெஷின் பலகை, பழைய பைண்டு புத்தகங்கள். எல்லாவற்றையும் மூடி ஒரு வெள்ளை வேட்டி. வேட்டியைப் போர்த்திவிட்டால் உள்ளே இருக்கும் குழப்பம் வெளியே தெரியாது. ஆனால் டிரங்குப் பெட்டி இப்போது எந்த வீட்டில் இருக்கிறது? ஆகவே கடையில் வாங்காமல், கூலிக்கு ஆள் வைக்காமல், பிள்ளைகளை வைத்துக்கொண்டு நாமே படி கட்டுவது என்று முடிவு செய்தோம். மகன் பதினொன்றாம் வகுப்பு, மகள் ஆறாம் வகுப்பு. "எனக்கு ட்யூஷன் இருக்கிறது" என்றான் மகன். இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை இல்லையே என்றேன்.

முதலில் கணக்கு. ஒரு படிக்கு 9 அங்குல அகலம், 8 அங்குல உயரம் என்று வைத்துக்கொண்டால் ஏழு படிக்கு 63 அங்குலம், அதாவது ஐந்தேகால் அடி, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும். கூடத்தில் பாதி போய்விடும். ஐந்து படி என்றால் 45 அங்குலத்தில் முடிந்துவிடும். உயரமும் 40 அங்குலம்தான். ஸ்டூல் போட்டு ஏறாமல் கலசத்துக்குப் பூ வைக்கலாம். படிகள் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும் என்ற முறைக்கும் பங்கமில்லை. நீளம் 4 அடி. தசாவதாரம் பத்தும் நெருக்கமில்லாமல் ஒரே வரிசையில் நிற்க அவ்வளவாவது வேண்டும்.

பலகைக்கு ப்ளைவுட். 8 அடிக்கு 4 அடித் தகட்டில் சரிபாதி போதும். 4 அடிச் சதுரத்தில் 9 அங்குலப் பலகை ஐந்து வெட்டினால் 45 அங்குலம். மிச்சம் 3 அங்குலம் ரம்பத் தூளுக்கும் ஓரம் தேய்ப்பதற்கும் சரியாக இருக்கும். தடிமனில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. 12 மில்லிமீட்டர் பலகை, களிமண் பொம்மைகளின் கனத்தில் நடுவில் தொய்ந்துவிடும். 18 அல்லது 19 மில்லிமீட்டர் வாங்குங்கள்.

சட்டத்துக்கு, அலுவலகங்களில் கோப்பு அடுக்கும் ரேக் செய்வார்களே, அந்த ஓட்டை போட்ட இரும்பு ஆங்கிள். பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடைக்கும். கேட்கிற அளவுக்கு அங்கேயே அறுத்தும் தருவார்கள். வெல்டிங் வேண்டாம், துளை போடவும் வேண்டாம். போல்ட், நட்டு, இரண்டு ஸ்பானர் போதும். நட்டு உள்பக்கம் இருக்கட்டும், புடவை மாட்டாது. கால்களுக்கு ரப்பர் காலணி மாட்டினால் தரையில் கீறல் விழாது.

சட்டம் எழும்பியதும் மகள் லேசாகத் தொட்டாள். "அம்மா, யே ஹில் ரஹா ஹை!" என்றாள். ஆம், ஆடியது. எல்லா நட்டையும் இன்னொரு முறை இறுக்கினோம், அப்போதும் ஆடியது. பாடப்புத்தகத்தில் உள்ளது பிள்ளைகளுக்குக் கைக்கு வரும் இடம் இதுதான். பழைய காலண்டர் அட்டையில் பட்டைகள் வெட்டி, முனைகளில் குண்டூசி குத்தி ஒரு நாற்கோணம் செய்தோம். தள்ளினால் சாய்ந்து படுத்துவிட்டது. மூன்று பட்டைகளில் செய்த முக்கோணம் எந்தப் பக்கம் தள்ளினாலும் அசையவில்லை. மகன் ஒன்றும் பேசாமல் எழுந்துபோய், மீதமிருந்த இரண்டு நீள ஆங்கிளைப் பின்பக்கம் மூலைக்கு மூலை குறுக்காக முடுக்கினான். அதன்பிறகு சட்டம் அசையவேயில்லை. ட்யூஷன் பேச்சும் அன்றைக்கு எழவில்லை.

இன்னொன்றையும் அன்று கவனித்தேன். நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த தமிழ் பெரும்பாலும் சாப்பாட்டுத் தமிழும் திட்டுத் தமிழும்தான். சாதம் போடட்டுமா, எழுந்திரு, படி, அவ்வளவே. வேலை என்று வந்ததும் புதுச் சொற்கள் தேவைப்பட்டன. இறுக்கு, தளர்த்து, ஏந்திப் பிடி, முட்டுக் கொடு, மட்டம் பார், கோணலாக இருக்கிறது. கையில் ஸ்பானரோடு கேட்ட சொல் மறப்பதில்லை. மாலைக்குள் மகள் அண்ணனைப் பார்த்து, "முட்டுக் கொடுடா!" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். ஞாயிறு தமிழ் வகுப்பை நான் குறை சொல்லவில்லை. அங்கே ஸ்பானர் இல்லை, அவ்வளவுதான்.

படிக்குமுன் வரும் பூங்கா முழுக்கப் பிள்ளைகள் பொறுப்பு. 2022 ஜூலை 1 முதல் அலங்காரத் தெர்மகோலுக்கு நாடு முழுவதும் தடை இருப்பதால் அட்டைப்பெட்டி, செய்தித்தாள், மைதாப் பசையோடு வேலை நடந்தது. காகிதத்தைக் கசக்கி உருட்டி, பசை தோய்த்த காகிதத்தை மேலே ஒட்டி, இரண்டு நாள் காயவிட்டால் கல் போன்ற குன்று. அதன்மேல் ஆர்.கே.புரம் மலை மந்திர். பக்கத்தில் தீக்குச்சிப் பெட்டிகளைக் கோத்து மெட்ரோ ரயில். தில்லிக்கு மெட்ரோ வந்தது 2002 டிசம்பரில்தான் என்றால், அதற்குமுன் மக்கள் எப்படிப் போனார்கள் என்று மகள் கேட்கிறாள். அவளுடைய அப்பா பஸ்ஸில் தொங்கிய கதையைச் சொல்ல அரை மணி ஆனது.

வயலுக்குக் கடுகும் வெந்தயமும். நான்கு நாள் முன்பே ஈர மண்ணில் தூவினால் கொலுவன்று பச்சைப்பசேல் என்றிருக்கும். எதிர்வீட்டுப் பஞ்சாபி ஆண்ட்டி பார்த்துவிட்டுச் சிரித்தார். அவர்கள் வீட்டிலும் நவராத்திரி முதல் நாள் பார்லி விதைத்து வளர்க்கிறார்கள். கேத்ரி என்று பெயர். நம் முளைப்பாரிக்கு உறவுதான்! அஷ்டமியன்று என் மகள் அங்கே கன்னிப் பெண்ணாக உட்கார்ந்து பூரி, அல்வா, கொண்டைக்கடலை சாப்பிட்டாள். மாலையில் அவர்கள் பெண் இங்கே வந்து கொண்டைக்கடலைச் சுண்டல் சாப்பிட்டாள். கடலை ஒன்றே, தாளிப்புதான் வேறு.

நீரூற்றுக்கு மோட்டார் வேண்டாம். மேல்படியின் பின்னால் மறைவாக 2 லிட்டர் பாத்திரம். மருந்துக் கடையில் கிடைக்கும் சலைன் குழாய் ஒன்று. பூங்காவில் அதன் முனையில் முள் எடுத்த பால்பாயின்ட் ரீஃபில் துண்டு. குழாயில் நீர் நிரப்பிவிட்டால் மேலிருந்து கீழே தானாக இறங்கிப் பீச்சும். பாத்திரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரம் எழும்பாது. குழாயின் உராய்வு கொஞ்சம் தின்றுவிடும். குழாயோடு வரும் சிறு உருளையைத் திருகினால் கூட்டலாம், குறைக்கலாம். விருந்தினர் வரும்போது மட்டும் திறந்துவிடுவது எங்கள் வழக்கம். கீழே தட்டில் சேர்ந்த நீரை மறுபடி மேலே ஊற்றுவது மகளின் உத்தியோகம்.

தண்ணீர் இருக்கும் இடத்தில் வீட்டு மின்சாரம் கூடவே கூடாது. பூங்கா விளக்குகள் எல்லாம் இரண்டு பேட்டரியில், 3 வோல்ட்டில் எரியும் எல்.இ.டி. சரம்தான். நான் சிறுமியாக இருந்தபோது 6 வோல்ட் பல்புகள் சுமார் 40 கோத்த சீரியல் செட் இருக்கும். வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ட்டை அவை தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும். ஒன்று போனால் எல்லாம் அணையும். போனது எது என்று தேடுவதிலேயே அப்பாவின் நவராத்திரி கழிந்துவிடும்.

விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைத்து, மறுநாள் கலைத்தோம். ஆங்கிள் ஒவ்வொன்றிலும் மகன் பெயிண்டால் எண் போட்டிருக்கிறான். கட்டினால் ஒரு ஆள் தூக்கும் இரண்டு கட்டுகள், கட்டிலுக்கடியில் அடங்கும். பொம்மைகளை மாமியாரின் பழைய நூல்புடவைத் துண்டுகளில் சுற்றினோம். பெட்டிமேல் எந்தப் படியில் என்ன என்று மகள் தமிழில் எழுதி ஒட்டினாள். 'மரப்பாச்சி'க்கு ஒற்று விட்டுப்போயிருந்தது; அண்ணன் திருத்தினான். அவனுக்கே எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. ப்ளைவுட்டின் மற்றப் பாதி பால்கனியில் சாய்ந்து நிற்கிறது. ஊஞ்சல் பலகைக்கு ஆகுமா என்று இருவருமே இரண்டு முறை கேட்டாகிவிட்டது.