ஒரு மின்சுற்று, ஒரு கடன் பத்திரம்

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் செமஸ்டர் சூடுபிடித்ததும் அறிவிப்புப் பலகைகள் நிரம்பிவிடுகின்றன. ஒரு நாளில் ஐஓடி, இரண்டு நாளில் ரோபோட்டிக்ஸ், அரை நாளில் பங்குச் சந்தை. வகுப்புக்கு வராமலே வருகைப் பதிவு தரும் ஓ.டி. உண்டு, சர்டிஃபிகேட் உண்டு, பல இடங்களில் மதியச் சாப்பாடும் உண்டு. கூட்டத்துக்குக் குறைவே இல்லை. வகுப்பறையில் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கும் என்று நம்பித்தான் பிள்ளைகள் வருகிறார்கள். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவது கடினமான காரியம் அல்ல. ஒரே நாளில் எல்லாவற்றையும் சொல்லித்தர முயல்வதை முதலில் கைவிட வேண்டும், அவ்வளவுதான்.

தொழில்நுட்பப் பயிலரங்கையே எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் ஆர்டுயினோ போர்டில்தான் தொடக்கம். 2005-ல் இத்தாலியின் இவ்ரேயா நகரில், மின்னணுவியல் படிக்காத வடிவமைப்பு மாணவர்களும் கையாளட்டும் என்று உருவாக்கப்பட்ட போர்டு அது. முதல்முறை தொடுகிறவருக்கு அதைவிட நல்ல தோழன் இல்லை. ஆனால், ஐந்து பேருக்கு ஒரு கிட் என்று கொடுத்தால் ஒருவர் வயரைச் செருக, நால்வர் வேடிக்கை பார்க்கிறார்கள். திரையில் காட்டிய நிரலை அப்படியே தட்டச்சு செய்கிறார்கள். தரையில் வரைந்த கருப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ரோபோ வண்டி ஓடியதும் கைதட்டல். அது ஏன் ஓடியது என்று மறுவாரம் கேட்டால் பதில் வராது.

மாறாக, காலை முழுவதும் ஒரே ஒரு பட்டனோடு இருந்து பாருங்கள். பட்டனின் ஒரு முனை போர்டின் இரண்டாம் பின்னில், மறுமுனை கிரவுண்டில். அழுத்தினால் 0 வருகிறது, சரி. விட்டால் 1 வர வேண்டும். வருவதோ 0, 1, 1, 0 என்று கண்டபடி. கையை வயருக்குப் பக்கத்தில் கொண்டுபோனாலே மாறுகிறது! நிரலில் பிழை இல்லை. பட்டனை விட்டதும் அந்தப் பின் எதனோடும் இணையாமல் அந்தரத்தில் நிற்கிறது. சுற்றிலும் உள்ள மின்னலைகளை எல்லாம் வாங்கிக்கொள்கிறது. அதை 5 வோல்ட் பக்கம் இழுத்துப் பிடிக்க ஒரு புல்-அப் ரெசிஸ்டர் வேண்டும். அதுவும் 20 முதல் 50 கிலோ ஓம் அளவில் சிப்புக்குள்ளேயே இருக்கிறது. நிரலில் ஒரு சொல்லை மாற்றினால் வேலைக்கு வந்துவிடும். புத்தகத்தில் மனப்பாடம் செய்த ரெசிஸ்டர் எதற்காக என்று தன் விரல் நுனியில் கண்டுபிடித்த மாணவி அதை மறக்க மாட்டாள். பிற்பகலில் ஒரு மோட்டாரை நேராக போர்டின் 5 வோல்ட் பின்னில் மாட்டச் சொல்லலாம். சுமை ஏறும்போது போர்டு தானாக ரீஸ்டார்ட் ஆகும். கணினியின் சாதாரண யூஎஸ்பி வழியே வருவது 500 மில்லிஆம்பியர் அளவுதான். மோட்டாருக்குத் தனி மின்சாரம் ஏன் என்பதை அதற்குப் பிறகு யாரும் விளக்க வேண்டியதில்லை.

நிரலும் செய்முறையும் சொல்லித்தர வெளியிலிருந்து ஆள் வரவேண்டும் என்றில்லை. ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள் பல தமிழ்க் குரலிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திட்டம் ஆண்டுக்கு 10 லட்சம் இளைஞர்களுக்குத் திறன் பயிற்சி என்ற இலக்கோடு கல்லூரிகளுக்குள் வந்திருக்கிறது. வாய்ப்புக்குப் பஞ்சமில்லை. ஒருவர் கையில் ஒரு கிட் என்ற ஏற்பாடுதான் வேண்டும்.

நிதிப் பயிலரங்குகள்தான் எனக்கு அதிகக் கவலை தருகின்றன. பெரும்பாலானவற்றின் வாசலில் எழுதியிருப்பது பங்குச் சந்தை. உள்ளே போனால் ஆப்ஷன் டிரேடிங். 2024 செப்டம்பரில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி வெளியிட்ட ஆய்வு, 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ் அண்ட் ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாகச் சொன்னது. மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அந்த வணிகர்களில் 30 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் பங்கு ஒரே ஆண்டில் 31 சதவீதத்திலிருந்து 43 ஆக உயர்ந்தது. பாடம் நடத்துகிறேன் என்ற பெயரில் பங்கு வாங்கச் சொல்வதைத் தடுக்க, கடந்த மூன்று மாத விலை விவரங்களை வகுப்பில் பயன்படுத்தவே கூடாது என்று 2025 ஜனவரியில் செபி கட்டுப்பாடு விதித்தது. கல்லூரிகள் பயிற்சியாளரை அழைக்கும் முன் இந்தக் கட்டுப்பாட்டைப் பின்பற்றுகிறாரா என்று கேட்டாலே பாதி வடிகட்டல் முடிந்துவிடும்.

மாணவருக்கு முதலில் புரிய வேண்டிய நிதிக் கருவி அவர் பெயரிலேயே இருக்கிறது: கல்விக் கடன். ஆண்டுக்கு ஒரு லட்சமாக நான்கு லட்சம், 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை இல்லை. ஆனால் வட்டி உண்டு. முதல் லட்சத்துக்கு ஐந்து ஆண்டு, கடைசி லட்சத்துக்கு இரண்டு ஆண்டு என்று தனிவட்டி 1,40,000 ரூபாய் சேர்கிறது. தவணை தொடங்கும்போது கடன் 5,40,000. பத்தாண்டில் அடைத்தால் மாதம் சுமார் 7,100 ரூபாய். வட்டியை அவ்வப்போது கட்டிவந்திருந்தால் அதே தவணை 5,300-க்குள் நின்றிருக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, கல்லூரியும் தகுதி பெற்றிருந்தால், அந்த ஐந்தாண்டு வட்டியை மத்திய அரசே மானியமாகத் தரும் திட்டமும் இருக்கிறது. வருமானச் சான்றிதழோடு விண்ணப்பிக்க வேண்டும். தறி ஓட்டும் தந்தைக்கும் களை எடுக்கும் தாய்க்கும் இதை யார் சொல்வது? கல்லூரிதான் சொல்ல வேண்டும்.

அடுத்தது சம்பளச் சீட்டு. ஆண்டுக்கு 3.6 லட்சம் சிடிசி (ஊழியருக்காக நிறுவனம் செலவிடும் மொத்தத் தொகை) என்றதும் மாதம் 30,000 கைக்கு வரும் என்று வீடே கணக்குப் போடுகிறது. அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால் நிறுவனத்தின் பி.எஃப். பங்கு 1,800, ஊழியர் பங்கு 1,800. பல நிறுவனங்கள் பணிக்கொடைக்கு ஒதுக்கும் 720 ரூபாய் சொச்சத்தையும் சிடிசிக்குள்ளேயே சேர்க்கின்றன. கைக்கு வருவது 25,700 அளவில். தொழில் வரியும் காப்பீடும் இன்னும் கழியலாம். பி.எஃப். பணம் எங்கும் போய்விடவில்லை, சேமிப்பாகத்தான் நிற்கிறது. ஆனால் அந்த 25,700-ல்தான் சென்னையிலோ பெங்களூருவிலோ அறை வாடகையும் கடன் தவணையும்.

இவற்றைச் சொல்லித்தரக் கட்டணம் தேவையில்லை. ரிசர்வ் வங்கி, செபி உள்ளிட்ட நான்கு ஒழுங்குமுறை அமைப்புகள் சேர்ந்து நடத்தும் தேசிய நிதிக் கல்வி மையம், பட்டதாரி இளைஞர்களுக்கென்றே ஒரு பயிற்சி வைத்திருக்கிறது. ஆனால் இந்த வகுப்பை பிளேஸ்மென்ட் செல்லின் கையில் கொடுத்து இறுதியாண்டுக்குத் தள்ளிப்போடக் கூடாது. மேலே சொன்ன கடனுக்கு முதலாண்டில் மாத வட்டி 833 ரூபாய்தான். பல வீடுகளால் சமாளிக்க முடிந்த தொகை. இறுதியாண்டு தொடங்கும் நாளில் 60,000 ரூபாய் வட்டி ஏற்கெனவே ஏறியிருக்கும்.