முதலில் கட்டுத்தரை, அப்புறம் படகு

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நண்பரின் மகன் வந்தான். பர்மிங்ஹாமில் வேலை. கையில் ஒரு காகிதச் சுருள். டீ கொதித்து இறங்குவதற்குள் அதை மேசையில் விரித்து, நான்கு மூலையிலும் நான்கு டம்ளரை வைத்தான். இங்கிலாந்துக் கால்வாய்களில் ஓடும் ஒல்லியான நேரோபோட் ஒன்றின் வரைபடம். நீளம் 57 அடி, அகலம் 6 அடி 10 அங்குலம்.

"கூடு மட்டும் ஆர்டர் பண்ணிட்டேன் மாமா. உள்வேலை பூராவும் நானே பார்த்துக்கறேன். ஏப்ரல்ல தண்ணியில இறக்கித் தந்துருவாங்க."

"எந்தத் தண்ணியில?" என்றேன்.

"ஏதாவது ஒரு கால்வாய்ல…" என்று இழுத்தான்.

அந்த 'ஏதாவது'வுக்குப் பதில் சொல்ல எங்களுக்கு மூன்று டீ ஆனது. அவனைப் போலவே வேறு யாராவது வரைபடத்தோடு உட்கார்ந்திருக்கலாம் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்த அளவைப் பார்ப்போம். அகலம் ஏன் 6 அடி 10 அங்குலம்? இங்கிலாந்தின் நடுப்பகுதிக் கால்வாய்கள் பெரும்பாலும் பதினெட்டாம் நூற்றாண்டில் வெட்டப்பட்டவை. மேட்டிலும் பள்ளத்திலும் படகை ஏற்றி இறக்க 'லாக்' என்ற மடைத்தொட்டிகளைக் கட்டினார்கள். ஜேம்ஸ் பிரிண்ட்லி காலத்துப் பொறியாளர்கள் செலவையும் தண்ணீரையும் மிச்சம் பிடிக்க, அந்தத் தொட்டிகளைச் சுமார் 7 அடி அகலத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். அன்று வைத்த அளவைத்தான் இன்றைய படகும் சட்டையாகப் போட்டுக்கொண்டிருக்கிறது. 57 அடி நீளத்துக்கும் ஒரு காரணம் உண்டு. வடக்கே சில கால்வாய்களில் தொட்டிகள் குட்டை. அதைவிட நீளமான படகு அங்கே நுழையாது.

'கூடு' என்று அவன் சொன்னது வெறும் எஃகு உடம்பு. அடித்தகடு 10 மில்லிமீட்டர், பக்கத்தகடு 6, மேலே அறைச்சுவரும் கூரையும் 4. கூடு விற்கிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு இது. ஜன்னலுக்கு ஓட்டை இருக்கும், ஜன்னல் இருக்காது. இன்ஜின், மின்சாரம், குழாய், கட்டில் எதுவும் கிடையாது. கொஞ்சம் கூடப் பணம் கொடுத்தால் இன்ஜின் பொருத்தி, தரையில் பாரம் வைத்து, சுவருக்குள் நுரை அடித்துத் தருவார்கள். அதற்கு 'செயில் அவே' என்று பெயர். இவன் வாங்கியது அதுகூட இல்லை, வெறுங்கூடு.

எங்கள் ஈரோட்டுப் பக்கம் மாடு வாங்கப் போகிறவனிடம் பெரியவர்கள் முதலில் கேட்பது, "கட்டுத்தரை இருக்குதா?" என்பதுதான். படகுக்கு அந்தக் கட்டுத்தரையின் பெயர் மூரிங். மாடாவது ஒரு நாள் வேப்பமரத்தடியில் நின்றுகொள்ளும். படகுக்கு அந்தச் சலுகை கிடையாது. காரணம், சட்டம்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறக்குறைய 2,000 மைல் நீர்வழியைக் கேனல் அண்ட் ரிவர் டிரஸ்ட் பராமரிக்கிறது. அரசு நிறுவனமாக இருந்த பிரிட்டிஷ் வாட்டர்வேஸிடமிருந்து 2012-இல் அதற்குக் கைமாறிய பொறுப்பு இது. அந்த நீரில் படகு வைக்க உரிமம் வேண்டும். உரிமத்துக்குக் காப்பீடும் பாதுகாப்புச் சான்றும் தேவை. 1995-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டம் அதற்குமேல் ஒன்று கேட்கிறது. படகுக்கு நிலையான ஒரு மூரிங் இருக்க வேண்டும். இல்லையென்றால் அது உண்மையாகவே பயணத்தில் இருக்க வேண்டும், ஓரிடத்தில் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது. நியாயமான காரணம் இருந்தால்தான் அந்த 14 நீளும்.

"மாசத்துக்கு ரெண்டு தடவை நகர்த்திட்டாப் போச்சு" என்றான் தம்பி.

"எதை வச்சு நகர்த்துவே?"

இன்ஜின் இல்லாத எட்டுப் பத்து டன் இரும்பைக் கயிறு கட்டி இழுக்க வேண்டும். அந்தக் காலத்தில் அதற்குக் குதிரை இருந்தது. கரையோரப் பாதையே குதிரை நடக்கப் போட்டதுதான். இன்று அதில் நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் போகிறார்கள். நடுப்பாதையில் மரம் அறுக்கும் பெஞ்சைப் போட்டால் அடுத்த நாளே புகார் போகும். சட்டத்தின் கண்ணில் படகு என்றால் நகர்கிற பொருள். உள்வேலை முடியாத கூடோ நகர முடியாத படகு. அது சட்டப்படி தண்ணீரில் இருக்க ஒரே வழி, தனக்கென்று ஓரிடம் வைத்திருப்பது. எந்த இடமும் ஆகும் என்று நினைத்துவிடக் கூடாது. வேலை செய்ய விடுகிற இடமாக அது இருக்க வேண்டும். நிறுத்துமிடத்தைத் தேடாதே, பட்டறையைத் தேடு என்று அவனிடம் சொன்னேன்.

அதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் முதல் கூட்டை ஒரு மரீனாவில், அதாவது வாடகைப் படகுத்துறையில், கட்டிப்போட்டேன். அழகான இடம். சிமெண்ட் கார் நிறுத்தம், வெந்நீர்க் குளியலறை, வாத்துகள். முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பிளைவுட் அறுக்க ஆரம்பித்தேன். பதினொன்றுக்குப் பக்கத்துப் படகு அம்மாள் வந்து, புதிதாகப் பெயின்ட் அடித்த தன் கூரையைக் காட்டினார். ஈரம் காயாத பச்சையின்மேல் என் மரத்தூள், புட்டின்மேல் தேங்காய்ப்பூ தூவியதுபோல. திங்கட்கிழமை மேலாளர் ஒப்பந்தத்தை எடுத்து ஒரு வரியைக் காட்டினார்: சிறு பழுதுபார்ப்பு தவிர வேறு வேலை கூடாது. அந்த வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டது நான்தான்.

இருக்கிற இடங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மரீனாவில் வசதி உண்டு, அனுமதி அபூர்வம். படகு முடிந்த பிறகு குடிபோகத் தோதான இடம்.

கரைப்பாதைக்கு எதிர்க்கரையில், பண்ணைகளின் ஓரமாக மூரிங் கிடைக்கும். வாடகை குறைவு, குறை சொல்லவும் ஆளில்லை. ஆனால் பலகை எப்படி வரும்? ஒரு முழுப் பிளைவுட் எட்டுக்கு நாலு அடி. 18 மில்லிமீட்டர் கனம் என்றால் முப்பது கிலோவைத் தொடும். லாரி பண்ணைக் கதவோடு நின்றுவிடும். மிச்சம் முந்நூறு அடிச் சேற்றில் அதைக் காற்றுக்கு எதிராகத் தூக்கிப் போனவனுக்குத்தான் அந்தக் குறைந்த வாடகையின் கணக்குப் புரியும். மின்சாரமும் பெரும்பாலும் இருக்காது. ஜெனரேட்டர் வைத்தால் அதன் சத்தமே அடுத்த புகார்.

கூடு கட்டுகிறவரின் பட்டறையிலேயே சில மாதம் இடம் தருவார்களா என்று கேட்கலாம். சிலர் தருவார்கள். தகட்டில் பிழை இருந்தால் வெல்டர் பத்தடி தூரத்தில் இருப்பார்.

எல்லாவற்றிலும் மேல், 'நீயே செய்' வேலைக்கு இடம் கொடுக்கும் படகுப் பட்டறை. கரையில் ஏற்றி வைக்கவோ, கூரை போட்ட துறைக்குள் மிதக்க விடவோ இடம் இருக்கும். சுற்றிலும் உன்னைப் போலவே கையில் சுத்தியலோடு நிற்கிற நாலு பேர் இருப்பார்கள். நீ ஓட்டை போடும்முன் "அங்கே வேண்டாம்" என்று சொல்ல ஒரு கிழவர் இருப்பார். அந்த ஒரு வார்த்தைக்கே வாடகை கொடுக்கலாம்.

இதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. எல்.டி.சி. ரோல்ட் என்ற பொறியாளர் 1939-இல் 'கிரெஸ்ஸி' என்ற மரப்படகை வீடாக மாற்றியது, ஆக்ஸ்ஃபோர்டு கால்வாயில் பான்பரி ஊரின் டூலி பட்டறையில். அதில் போன பயணத்தைப் பற்றி அவர் எழுதிய 'நேரோ போட்' 1944-இல் வந்தது. கைவிடப்பட்டுக் கிடந்த கால்வாய்களுக்காக 1946-இல் ஒரு சங்கமே உருவாக அது வழிவகுத்தது. போர்க்காலத்தில் அதே கிரெஸ்ஸி டார்டெபிக் என்ற ஊரில் ஏறக்குறைய ஐந்து வருடம் நின்ற இடத்தில் நின்றது. பயணத்தை எழுதிப் புகழ்பெற்ற படகுக்கும் ஒரு கட்டுத்தரை தேவைப்பட்டது.

சரி, பட்டறை கிடைத்துவிட்டது. பணம் கட்டும்முன் என்ன கேட்பது?

உள்வேலைக்கு அனுமதி உண்டா என்று கேட்டு, எழுத்தில் வாங்க வேண்டும். வெல்டிங்கும் இரும்பறுக்கும் கிரைண்டரும் தனியாகக் கேட்க வேண்டியவை. சுவருக்குள் நுரை அடித்தபின் வெல்டிங் செய்தால் அந்த நுரை தீப்பிடிக்கும், அதனால் எல்லா வெல்டிங்கும் நுரைக்கு முன்பே முடிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யலாமா? நீண்ட லாரியும் கிரேனும் உள்ளே வருமா? இரவு படகில் தூங்கலாமா? இது முக்கியம். வாசத்துக்கான மூரிங் வேறு, பொழுதுபோக்குக்கானது வேறு. வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுக் கூட்டுக்குள் படுத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இங்கேதான் இடறுவார்கள். கடைசியாக, சொன்ன மாதத்தில் வேலை முடியாவிட்டால் என்ன ஆகும்? முடியாது. 'வீட்டைக் கட்டிப் பார்' என்றவர்கள் படகைப் பார்த்திருந்தால் அதையும் சேர்த்திருப்பார்கள்.

அடுத்தது மின்சாரம். துறையில் நீல நிறப் பிளக் இருக்கும். "எத்தனை ஆம்ப்?" என்று கேள். 16 என்றால் 230 வோல்ட்டுக்கு 3,680 வாட். கெட்டிலுக்கு 3,000, ரம்பத்துக்கு 1,200, குளிர்கால ஹீட்டருக்கு 1,500. மூன்றும் ஒன்றாக ஓடாது. சில இடங்களில் 6 ஆம்ப்தான். அதில் வேகமான கெட்டில் ஒன்றுகூடத் தாங்காது. இன்னொரு விஷயமும் உண்டு. கரை மின்சாரத்தில் செருகிய படகுகள் எல்லாம் ஒரே எர்த் கம்பியால் இணைந்துவிடுகின்றன. நடுவில் தண்ணீர். பேட்டரிக்குள் நடப்பதுபோல மெல்லிய மின்னோட்டம் ஓடி உன் அடித்தகட்டைச் சத்தமில்லாமல் தின்னும். அதைத் தடுக்க 'கால்வானிக் ஐசொலேட்டர்' என்ற சிறு பெட்டியை முதல் நாளே போட வேண்டும்.

"தண்ணியில வச்சு வேலை செய்யறது நல்லதா, கரையிலயா?" என்றான்.

கரையில் என்றால் தளம் அசையாது, அடியையும் பார்த்துக் கறுப்புப் பூச்சு அடிக்கலாம். தண்ணீரில் என்றால் வேறு பாடம். அலமாரிச் சட்டம் அடிக்கும்போது நான் ரசமட்டத்தை வைத்தேன். குமிழ் நடுவில் நின்றது. ஆணி எடுக்க எதிர்ப்பக்கம் போனேன், குமிழும் நகர்ந்தது. பிளைவுட் கட்டை இடப்பக்கம் அடுக்கினால் படகே இடப்பக்கம் சாயும். முன்பக்கத் தொட்டியில் தண்ணீர் நிரப்பினால் மூக்கு தாழும். மிதக்கிற வீட்டில் ரசமட்டமும் தூக்குக்குண்டும் பொய் சொல்லும், மூலமட்டம் ஒன்றுதான் மெய். தரைக்குச் செங்குத்தாக அளந்து அடித்தால், படகு எப்படிச் சாய்ந்தாலும் அலமாரி படகோடு ஒத்துப்போகும். அடிப்பாரம் வைத்து நேராக்குவதைச் சாமான்களெல்லாம் ஏறிய பிறகு இறுதி செய்யலாம்.

காகித விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னேன். முடிந்த படகின் பாதுகாப்புச் சான்று 4 வருடம் செல்லும். முடியாத கூட்டுக்கு எந்தக் காகிதம் போதும் என்று உரிம அலுவலகத்தில் இப்போதே கேள். கூடு விதிப்படி கட்டப்பட்டது என்று கட்டியவர் தரும் அறிவிப்பைத் தொலைக்காதே. வேலை நடக்கும் படகு என்று சொல்லியே காப்பீடு எடு, மறைத்தால் பணம் வராது. குளிர்காலத்தில் பழுதுபார்க்க லாக்குகளை அடைப்பார்கள், நகர்த்த வேண்டியிருந்தால் அதற்குமுன் நகர்த்து.

மூன்றாவது டீ ஆறிப்போயிருந்தது. தம்பி டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்தான். வரைபடம் தானாகச் சுருண்டுகொண்டது.

"ஆர்டரைக் கேன்சல் பண்ணணுமா மாமா?"

"வேண்டாம். ஏப்ரலைத் தள்ளி வை. தேதி உன் கையில இல்லை, பட்டறைக்காரன் கையில இருக்கு."

அவன் செல்போனை எடுத்தான். முதல் பட்டறைக்கு ஞாயிறு விடுமுறை, மணி அடித்து ஓய்ந்தது. இரண்டாவதில் யாரோ எடுத்தார்கள். வணக்கம் சொல்லி, பெயர் சொல்லி, 57 அடி என்றும் சொன்னான். பிறகு என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டான்:

"உங்க துறையில எத்தனை ஆம்ப்?"